ரகசியக் கோப்பும் சரோஜாவின் ராஜினாமாவும்

கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை என்பது மற்றவர்களின் தலைவிதியைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பும் வேலை. கோப்புகளோடு மாரடித்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

இரண்டு பட்டியல்

சரோஜாவும் நானும் ஒரே பரீட்சை எழுதி, ஒரே நாளில் அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்தோம். தட்டச்சில் அவள் என்னைவிட வேகம். ஆனால் சம்பள விகிதத்தில் ஆண்களுக்கு ஒரு பட்டியல், பெண்களுக்குக் குறைவாக இன்னொன்று. முதல் மாதமே அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"சம்பளம் குறைச்சல்னா நாலு மணிக்கே போகலாம்தானே, மாணிக்கம்? வர்றேன் லா!"

கமலாவின் தாலி

அன்றைய விதிப்படி, மணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது; மாதாமாதம் நீட்டிக்கும் தற்காலிக வேலைதான். அதனால் எங்கள் அலுவலகத்துக் கமலா தாலியை ரவிக்கைக்குள் மறைத்து, மெட்டியைக் கழற்றிவிட்டு வேலைக்கு வருவாள். எங்கள் எல்லாருக்கும் தெரியும்; யாரும் வாய் திறக்கவில்லை. கர்ப்பமான ஏழாம் மாதம் மேலதிகாரிக்கே தெரிந்துவிட்டது. அவளைத் தற்காலிகமாக்கும் கடிதத்தை அடித்தவன் நான். வாங்கிக்கொண்டு கமலா சொன்னாள்:

"வயிறுதான் சார் டெம்பரரி. வேலையையும் ஏன் டெம்பரரி ஆக்குறீங்க?"

டோபி காட் பஸ் நிறுத்தம்

அந்த வாரமே சரோஜாவிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். நல்ல நேரம் பார்த்தேன், பாருங்கள்! அவள் சம்பளத்தில்தான் அவள் அம்மாவின் மருந்தும் வீட்டு வாடகையும். இரண்டு பஸ்களைப் போகவிட்டாள்.

"எனக்கும் ஆசைதான். ஆனா கட்டிக்கிட்டா நீங்க பெர்மனென்ட், நான் டெம்பரரி. விதி மாறட்டும், மறுபடி கேளுங்க."

சிவப்பு முத்திரை

ஆறு வருடம் கழித்து அந்த விதி மாறும் நேரம் வந்தது. சம சம்பளம், மணமானாலும் நிரந்தர வேலை. வரைவு என் மேசைக்கு வந்தது, 'ரகசியம்' என்ற சிவப்பு முத்திரையோடு. சுற்றறிக்கை வெளிவரும் நாளில் அவள் கையில் கொடுத்துக் கேட்கலாம் என்று மூன்று மாதம் மூச்சு விடவில்லை. அதற்குள் சரோஜாவின் ராஜினாமா வந்தது. பினாங்கில் ஒரு பள்ளிக்கூட வேலையாம். 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை குத்தியதும் நான்தான். விதியை மதித்தேனா, அவள் மறுபடி மறுத்தால் என்ன செய்வது என்று பயந்தேனா? இன்றுவரை தெரியவில்லை.

ரயில் நிலையத்தில், அம்மாவை ஏற்றிவிட்டு அவள் இறங்கி வந்தபோதுதான் விதி மாறப்போவதைச் சொன்னேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். மூன்று மாதமாக என்றேன்.

"அரசாங்கமே மனசு மாறிடுச்சு. நீங்க வாய் திறக்க எந்தச் சட்டம் வரணும், மிஸ்டர் மாணிக்கம்?"

மணமான பெண்களின் வேலையைக் காப்பாற்றிய அந்தச் சுற்றறிக்கையை எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் படித்தவன் நான். ஐம்பத்து நான்கு வயதாகிறது, இன்னும் பிரம்மச்சாரி.