பிறவா வீரனின் முழங்காலுக்கு ஓர் அர்ச்சனை

மோதகம் ஏந்திய முதல்வனே! இளையவன் மயிலேறி உலகைச் சுற்றி வியர்த்துத் திரும்புமுன், பெற்றோரைச் சுற்றி நாலடி நடந்து கனியை வென்றவன் நீ. அதிகம் அசையாமலே வெற்றி கொள்ளலாம் என்று உலகுக்கு முதலில் காட்டியவனும் நீயே. நாற்காலியை விட்டு எழாமல் நாங்கள் ஆடிய ஆட்டம் ஒன்றை எழுதப் புகுகின்றேன். சொல் இடறாமல் காத்தருள்.

தை மாதத்து வளர்பிறைத் தசமி, ரோகிணி நட்சத்திரம் கூடிய ஞாயிற்றுக்கிழமை. இராகு காலம் கழிந்து, வீட்டில் விளக்கேற்றி, தைப்பூசத்துக்குக் காவடி பழகும் இளைஞர்களின் உறுமிச் சத்தம் தெருவில் எழுந்த நேரத்தில், ஈப்போ புந்தோங்கிலுள்ள எங்கள் இல்லத்து உணவு மேசையின் மேல் அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் இறுதிப் போட்டி தொடங்கியது. ஒரு பக்கம் என் அணி. மறு பக்கம் என் மனைவியின் அணி.

பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்குவார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தலைவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி. எங்கள் சங்கத்தில் இவ்வளவையும் செய்பவர் எவரும் இல்லை. வீரர்கள் யாவரும் கணினி பெற்றெடுத்த பிள்ளைகள். பெயர், உயரம், எடை, பிறந்த தேதி, பிறந்த ஊர் அனைத்தும் அவர்களுக்கு உண்டு. உடல் ஒன்றுதான் இல்லை. யாரை இறக்குவது, எப்படி ஆடுவது என்பதை அணியின் உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடைவேளையில் ஒரு முறை திட்டத்தை மாற்றலாம். மற்றதைக் கணினி நடத்தி, வரிவரியாக எழுதிக் காட்டும்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் தன் நண்பர்களோடு நடத்தும் சங்கம் இது. இரண்டு பேர் விலகிவிட்டதால் எண்ணிக்கையை நிரப்ப எங்கள் இருவரையும் சேர்த்தான். “அப்பா, நீங்க சும்மா வாரம் ஒரு தடவ பட்டன அமுக்குங்க லா. மத்தத கம்ப்யூட்டர் பாத்துக்கும்,” என்றான். உலகம் பொய், உடல் பொய், உற்றார் உறவு பொய் என்று வாழ்நாளெல்லாம் கோயிலில் நின்று பாடியவன் நான். ஒரு மாதத்துக்குள், உடலே இல்லாத ஒருவன் பந்தைத் தவறவிட்டதற்காக எனக்கு இரண்டு வேளை உணவு இறங்கவில்லை.

என் மனைவியோ அணியைத் தோட்டத்தில் மேற்பார்க்கும் மண்டோர் வேலையாட்களை நடத்துவது போல நடத்தினாள். சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் அவள். விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்த காலமெல்லாம் முடிந்து, ரப்பர் போய்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகி, நாங்கள் புந்தோங்குக்குக் குடிவந்த பிறகு, இனியாவது வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குவது என்று சங்கற்பம் செய்துகொண்டாள். அந்தச் சங்கற்பத்துக்கு இடையூறாக இருந்தவன் நான். கீழ்வானம் வெளுக்குமுன் எழுந்து, குளித்து, திருநீறு அணிந்து, தாளம் தட்டி இறைவனைத் துயிலெழுப்புவது என் வழக்கம். இறைவன் எழுந்தானோ இல்லையோ, அவள் எழுந்துவிடுவாள்.

அரையிறுதி ஆட்டங்கள் இரண்டும் ஒரே மாலையில் நடந்தன. அவள் அணி, ஆண்டு முழுதும் தோல்வியே காணாத அணியைத் துவைத்து எடுத்தது. என் அணியும் வென்றது. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் என் குவார்ட்டர்பேக்கின் மேல் மூவர் விழுந்தனர். ‘முழங்காலில் காயம், அடுத்த ஆட்டத்தில் இறங்குவது சந்தேகம்’ என்று திரையில் ஒரு வரி வந்தது. அந்த வரியைப் பார்த்தபடி நான் அமர்ந்திருக்கையில் அவள் கோப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“என்னாங்க, பந்தயம் கட்டுவமா? நான் ஜெயிச்சா ஒரு வருசத்துக்கு ஏழு மணிக்கு முன்னாடி ஒங்க வாய் தொறக்கக் கூடாது.”

“நான் வென்றால்?”

“சாயங்காலம் நான் பாக்குற நாடகம் எல்லாத்தையும் நிப்பாட்டிடுறேன். ஒரு வருசம்.”

அந்த நாடகங்களில் வரும் மாமியார்களின் கூச்சலில் என் மாலை வழிபாடு மூழ்கிப்போய் நெடுங்காலம் ஆயிற்று. மனம் சபலப்பட்டது. சரி என்றேன். ஆண்டவனுக்கு உரிய விடியலை அவன் அனுமதி கேளாமல் பணயமாக வைத்துவிட்டோமே என்பது அவள் குவளையை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உறைத்தது.

இனி அந்த முழங்கால் குணமாக வேண்டும். மருத்துவம் செய்ய உடல் இல்லை, எஞ்சியிருப்பது இறைவன்தான். கோயிலில் என் வீரன் பெயருக்கு அர்ச்சனை செய்வது என்று முடிவெடுத்தேன். அர்ச்சனைக்குப் பெயர் மட்டும் போதாது, நட்சத்திரம் வேண்டும். பழைய பஞ்சாங்கங்களை இறக்கி, கணினி கொடுத்த பிறந்த தேதியை வைத்துக் கணித்தேன். அன்று பாதி நாள் பூரட்டாதி, பாதி நாள் உத்திரட்டாதி. போதாக்குறைக்கு அவன் பிறந்தது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில். அங்கே பகலென்றால் இங்கே இரவு. பிறந்த நேரம் தெரியாமல் ஓர் அடி நகர முடியவில்லை. மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். காது சற்று மந்தமானதால் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவேன்.

“அவன் பிறந்த நேரம் என்னப்பா?”

“எவன்?”

“என் குவார்ட்டர்பேக்.”

“அப்பா, அவனுக்கு அம்மாவே இல்ல. நேரம் எங்கேருந்து வரும்?” என்றான்.

“பிறந்த தேதி இருக்கிறதே.”

“அது கம்ப்யூட்டர் சும்மா போட்டது லா. அப்பா, இத வெளிய யார்கிட்டயும் கேட்டுடாதீங்க. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

தாயும் இல்லை, தந்தையும் இல்லை, பிறப்பும் இல்லை என்று நாம் இதுவரை போற்றி வந்தது ஒருவனைத்தான். இரண்டாமவன் ஒருவன் டெக்சஸில் இருக்கிறான் என்பதை அன்று அறிந்தேன். இருப்பினும் அர்ச்சனைச் சீட்டுக் கொடுப்பவரிடம் இதையெல்லாம் விளக்க இயலாது. நள்ளிரவு தாண்டிப் பிறந்தான் என்று நானே வைத்துக்கொண்டு, உத்திரட்டாதி என முடிவு செய்தேன்.

மறுநாள் முற்பகல் தேங்காய், பழம், வெற்றிலையோடு கோயிலுக்குப் போனேன். தைப்பூச வேலைகளில் குருக்கள் மூச்சுவிட நேரமின்றி இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், என் பாட்டின் மேல் அவருக்கு மதிப்பு உண்டு. சீட்டை வாங்கிப் பெயரைப் படித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இந்தப் பேருக்கா? காலம்பற மாமி வந்து இதே பேருக்குப் பண்ணிண்டு போனாளே!”

“யார், என் வீட்டுக்காரியா?”

“ஆமா. முழங்கால் சரியாகணும்னு ரொம்ப வேண்டிண்டா. ஆமா, வெள்ளைக்காரப் பேரா இருக்கே. மாப்பிள்ளை கீப்பிள்ளை வரப் போறாரா?”

எங்களுக்கு மகளே இல்லை. “வேண்டிய பையன்,” என்று மட்டும் சொன்னேன்.

“நீங்க உத்திரட்டாதின்னு போட்டிருக்கேளே. மாமி சித்திரைன்னா சொன்னா?”

சித்திரை எங்கள் மகனுடைய நட்சத்திரம். ஒரே நாளில், ஒரே சந்நிதியில், ஒரே முழங்காலுக்கு இரண்டு நட்சத்திரங்கள். இறைவன் குழம்பமாட்டான், குருக்கள் குழம்பிவிட்டார். நட்சத்திரம் அறியாதவர்க்கு நம் முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் அல்லவா? “சுவாமி பெயருக்கே செய்துவிடுங்கள்,” என்று கைகூப்பினேன். அவரும் நிம்மதியாக மணியை எடுத்தார்.

வீடு திரும்பியபோது அவள் வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். என் கையில் அர்ச்சனைத் தட்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“எதிரணிக்காரன் காலுக்கு நீ எதற்கு அர்ச்சனை செய்தாய்?” என்றேன்.

“அம்மா இல்லாத பிள்ளைன்னு நீங்க போன்ல பேசறப்ப காதுல வுழுந்துச்சி. பாவமா இருந்திச்சி. நச்சத்திரம் கேட்டாரு, நம்ம பையன் நச்சத்திரத்தையே சொல்லிட்டேன்.”

“அவன் ஆடாவிட்டால் உனக்குத்தானே வெற்றி?”

செம்பைக் கீழே வைத்தாள். “நொண்டிப் பையன ஜெயிச்சி எனக்கென்னா பேரு வரப்போவுது? கால் நல்லாவட்டும். நல்லா ஓடட்டும். ஓட வுட்டுப் புடிக்கிறேன் பாருங்க.”

தசமி மாலை மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். கணினியை மேசை மேல் வைத்து, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தான். முதல் செய்தியே நற்செய்தி: முழங்கால் முற்றிலும் குணம், என் வீரன் ஆடுகிறான். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவளும் போட்டுக்கொண்டாள்.

முற்பாதியில் அந்தப் பிள்ளை ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வேன்! எறிந்த பந்தெல்லாம் என் வீரர் கைகளில் அமர்ந்தன. இரண்டு டச்டவுன். அவள் அணி உதைத்து எடுத்த சில புள்ளிகளோடு பின்தங்கி நின்றது. அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே, “ம்… படி,” என்பதற்கு மேல் பேசவில்லை.

இடைவேளை வந்தது. வரம் கிடைத்தவுடன் நன்றி சொல்லாதவன் மனிதனல்லன் என்று நான் பூசையறைக்குள் போய் ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். தொடங்கிய பதிகத்தைப் பாதியில் விடும் வழக்கம் எனக்கு இல்லை. நான் கற்பூரம் காட்டிவிட்டு வெளியே வந்தபோது இடைவேளை முடிந்திருந்தது. என் திட்டம் மாறாமல் அப்படியே இருந்தது. அவள் மட்டும் மகனிடம், “முன்னுக்குப் போய் இடிக்க வேணாம்னு சொல்லு. எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளி நிக்க வையி. அவன் தூக்கித்தான் போடறான், பந்து எப்படியும் கீழ வந்துதானே ஆவணும்?” என்று சொல்லி மாற்றிவிட்டிருந்தாள்.

பிற்பாதியில் பந்து கீழே வந்தது. வந்த இடத்தில் அவள் ஆட்கள் நின்றார்கள். புள்ளிகள் ஏறின. கடைசி நிமிடத்தில் நான் நான்கு புள்ளி பின்னே நின்றேன். உதைத்தால் மூன்றுதான்; டச்டவுன் ஒன்றே கதி. என் பிள்ளை விடவில்லை. குணமான காலோடு ஓடி ஓடிப் பந்தை எல்லைக்கோட்டின் அருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். தெருவில் உறுமி உச்சத்துக்கு ஏறியது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஆறுமுகனின் பெயரை அடுக்கினேன்.

“எறியறான்…” என்றான் மகன். அடுத்த வரியைப் பார்த்தான்.

“படிப்பா.”

“அம்மா ஆளு புடிச்சிட்டான்பா.”

அவ்வளவுதான். கால் மிக நன்றாகவே இருந்தது. எங்கள் வேண்டுதல்களில் கையைச் சேர்க்க இருவருமே மறந்திருந்தோம்.

அவள் துள்ளவில்லை, கைதட்டவில்லை. நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு எழுந்தாள். “பாவம் பையன், நல்லாத்தான் ஆடுனான்,” என்றாள். சமையலறை வாசலில் திரும்பி, “ஏழு மணி,” என்றாள்.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல் விழிப்பு வந்தது. குளித்துத் திருநீறு அணிந்து, வாய் மூடி அமர்ந்தேன். மனத்துக்குள் பாடலாம் என்றால், மனத்துக்குள் என் குரல் எடுபடவில்லை. அதற்கடுத்த நாள் கோயிலுக்கே போய்ப் பாடுவோம் என்று நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. வெளியில் நின்று முதல் அடியை எடுத்தவுடன் தெரு நாய்கள் சுற்றி நின்று மேல் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டன. வீட்டிலோ அவள் சூரியன் ஏறும்வரை உறங்கினாள். எழுந்து வரும்போது அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்தால் எனக்குக் குறை சொல்லவும் நா எழவில்லை. தைப்பூசத்தன்று மட்டும் கேளாமலே விடுமுறை தந்தாள். பூசம் முடிந்ததும் சட்டம் திரும்பிவிட்டது.

பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் பசியாறும்போது பேச்சை எடுத்தேன்.

“ஐந்து மணிக்குப் பாட விட்டால் என்ன வேண்டும் உனக்கு?”

“தாக் போலே. அஞ்சு மணி முடியவே முடியாது.” தோசையைத் திருப்பிப் போட்டாள். “ஆறரைன்னா யோசிக்கலாம். அந்தப் பையன எனக்குக் குடுத்துடுங்க.”

“எந்தப் பையன்?”

“கால் நல்லாப்போன பையன்.”

சங்கத்தில் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ள விதி உண்டு. ஆனாலும் மனம் வரவில்லை. இல்லாத ஒருவனை, இறைவனின் விடியலுக்கு ஈடாகக் கொடுப்பதற்கு ஒரு சிவபக்தன் இவ்வளவு யோசிக்கலாமா? யோசித்தேன். அன்று முழுவதும் யோசித்தேன். மறுநாள், “ஐந்தரை,” என்றேன்.

“ஆறு. தாளம் தட்டக் கூடாது. அடுத்த வருசம் புது ஆளுங்கள எடுக்கறப்ப ஒங்க மொத வாய்ப்பும் எனக்கு.”

“அது அநியாயம்.”

“அப்ப ஏழுலியே இருங்க லா. எனக்கு ஒண்ணும் நட்டமில்ல.”

கொடுத்துவிட்டேன். இப்போது அவன் அவளுடைய அணியில் இருக்கிறான். அவன் காயப்பட்டால் அர்ச்சனைக்குப் போக வேண்டியவள் அவள். நட்சத்திரமும் அவள் சொன்ன சித்திரையே நிலைத்துவிட்டது. நான் ஆறு மணிக்கு, தாளமின்றி, கைவிரலால் தொடையைத் தட்டிப் பாடுகிறேன். அதுவரை இறைவனும் உறங்கட்டும். யுக யுகமாக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓய்வு கிடைத்தால் பாவமில்லை.

இறுதிப் போட்டியில் தோற்றவரே அதன் வரலாற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதியாதலால் இதை எழுதினேன். இதைப் படிப்போர் யாவரும், வென்றோரும் தோற்றோரும், முழங்கால் நோகாமல், எறிந்தது தவறாமல், விரும்பிய நேரம் உறங்கி விரும்பிய நேரம் விழித்து, இல்லத்தாரோடு பூசலின்றி நீடு வாழ்க. எல்லாம் வல்லவன் உங்கள் வாசலில் எந்நாளும் விழித்திருப்பானாக.