அந்தச் சட்னி எங்கள் அக்காள் இடித்தது

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்தார். நல்ல குணங்களை எழுதினால் போதும் என்றார். எழுத உட்கார்ந்தபோது அக்காளுடைய ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் பக்கத்தில் என் சிறுமை ஒன்று வந்து நின்றது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்காள் ரங்கூனின் பசுந்தாங் பகுதியில், கால்வாய்க் கரையிலிருந்த அரிசி ஆலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அப்பா அந்த ஆலையில் மூட்டை எடை போடுகிறவர். அம்மா காலராவில் இறந்தபோது அக்காளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. அன்றோடு அவருடைய பள்ளிக்கூடம் நின்றது. என்னுடையது நிற்கவில்லை. அடுப்பு ஊதிக்கொண்டே என்னை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே தானும் கடிதம் எழுதும் அளவுக்குத் தேறினார். நான் மிஷன் பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குப் போன முதல் நாள், என் சேலை மடிப்பைத் தரையில் உட்கார்ந்து சரிசெய்து அனுப்பியவர் அவர்.

அத்தானுக்கு ரயில்வேயில் தண்டவாள மேஸ்திரி வேலை. பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்களில் அவரைப் பெகு ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் நெல்வயல். வாரத்தில் ஒரு நாள் சந்தை கூடும். அதிலும் கருவாடு, வெற்றிலை, பூசணி தவிர வேறு அதிகம் இராது. அங்கே போன வருஷமே அத்தானுக்கு முறைக்காய்ச்சல் கண்டு நாக்குச் செத்துப்போயிற்று. புளிப்பும் காரமுமாய்த் தொட்டுக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் நாலு வாய் சோறு இறங்கும். அக்காள் எனக்கு எழுதினார்: "பாப்பா, அத்தான் தக்காளிச் சட்னி கேட்கிறார். இங்கே தக்காளியும் இல்லை, கொத்தமல்லியும் இல்லை. விதை வாங்கி ரயில் கார்டு கையில் கொடுத்துவிடு. நான் போட்டுப் பார்க்கிறேன்."

பசுந்தாங் சந்தை என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். மூன்று கடிதம் வந்தது. மூன்றுக்கும் "ஆகட்டும்" என்று பதில் போட்டேன். விதை அனுப்பவில்லை. பள்ளியில் இன்ஸ்பெக்ஷன், வீட்டில் விருந்தாளி என்று காரணம் சொல்லலாம். மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

பிறகு அக்காள் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டில் டோ எய் என்ற பர்மிய அம்மாள் இருந்தார். அவர் அடிக்கடி ஒரு கத்தரிக்காயைப் பற்றிச் சொல்வாராம். புளிக்கும் கத்தரிக்காய், வெள்ளம் வடிந்ததும் ஓடைக்கரை வண்டலில் காய்க்கும், வா போகலாம் என்று. கத்தரிக்காய் யாருக்கு வேண்டும் என்று அக்காள் போகவில்லை. கடைசியில் ஒரு நாள் மனம் நோகக் கூடாதென்று கூடவே போனார். போய்ப் பார்த்தால் தக்காளி! பர்மியர் தக்காளிக்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். "நான் தேடினதையே அவங்க மாசக்கணக்கா சொல்லிட்டிருந்தாங்க, எனக்குத்தான் காது இல்லை" என்று எழுதியிருந்தார்.

சின்னச் சின்ன, வரி விழுந்த, புளிப்பேறிய பழங்கள். டோ எய் அவற்றைத் தணலில் புரட்டிச் சுட்டு, வற்றல் மிளகாயையும் சுட்டு, ஙப்பி என்ற மீன் விழுது சேர்த்து உரலில் இடிப்பார். அத்தானுக்கு ஙப்பி ஒத்துக்கொள்ளவில்லை. அக்காள் அதை விட்டுவிட்டு, பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தார். மசாலாப் பெட்டியிலிருந்த மல்லியையே எடுத்து மண்ணெண்ணெய்த் தகரத்தில் விதைத்தார். இரண்டு தடவை முளைக்கவில்லை. மூன்றாம் தடவை முளைத்தது. நைசாக அரைக்காமல் இடித்த இடிப்பிலேயே விட்டு, மேலே அந்தத் தழையைக் கிள்ளிப் போட்டார். அத்தான் அன்று இரண்டாம் முறை சோறு கேட்டாராம்.

அந்தச் சட்னியில் ஒரு ஜாடி எனக்கும் வந்தது. விதை அனுப்பாதவளுக்கு. அது வந்த சனிக்கிழமைக்கு மறுநாள் நம் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கை ஏலத்துக்குக் கொடுக்க நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. சமைக்கத் தெரியாத டீச்சர் என்று மாதர் சங்கத்தில் எனக்குப் பெயர் உண்டு. ஜாடியை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். போதகரின் மனைவியான ஐயரம்மா ஒரு துளி எடுத்து நாவில் வைத்தார்கள்.

"டீச்சரம்மா, இது கடையில வாங்குனதா?"

"இல்லீங்கம்மா, வீட்டுல செஞ்சது."

"நீங்களேவா?"

"ஆமா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குத் தயக்கமே வரவில்லை. அதுதான் இப்போது என்னைச் சுடுகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் "டீச்சரம்மா சட்னி" எங்கே என்று சபையார் கேட்டீர்கள். நான் அக்காளுக்கு, "வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது, பண்டிகைச் சமயம் பெரிய ஜாடியாக அனுப்பு" என்று எழுதுவேன். அவர் விடியுமுன் இடித்து, காலை ரயிலில் ஏற்றிவிடுவார். மாதர் சங்கத்தில் செய்துகாட்டச் சொன்னபோது எனக்குத் தலைவலி வந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் செய்துபார்த்தேன். சந்தைத் தக்காளி தண்ணீராய் ஓடியது.

நாலாம் வருஷம் அக்காள் தாமே வந்தார். வயிற்றில் கட்டி, டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. ஜாடியை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். களைத்திருக்கிறாய், வீட்டில் படுத்துக்கொள் என்றேன். அவர் நலத்துக்காகச் சொல்லவில்லை.

"பண்டிகை நாள்ல கோயிலுக்கு வராம எப்படி பாப்பா?" என்று புறப்பட்டுவிட்டார்.

உபதேசியார் ஏலம் கூறும்போது அக்காள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தது நம்ம டீச்சரம்மா சட்னி! வருஷா வருஷம் தன் கையாலயே இடிச்சுக் கொண்டாராங்க, கேளுங்க!"

அக்காள் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தங்கச்சிகிட்ட இந்தச் சட்னிய நீங்களும் கத்துக்கிட்டுப் போங்கம்மா. கிராமத்துல இருக்கிறவங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்."

அக்காள் சிரித்தார்.

"கத்துக்கத்தான் வேணும்மா. எங்க ஊர்ல நல்ல தக்காளிக்கு எங்க போறது?"

டிராமில் வீடு திரும்பும்போது அவர் பேசியது ஒன்றுதான்.

"உப்புக் கம்மியோ பாப்பா? கை நடுங்கிச்சு, சரியாப் போட்டேனான்னு தெரியல."

"சரியாத்தான் இருந்துச்சுக்கா."

அத்தோடு சரி. மன்னிப்புக் கேட்க நாலு நாள் இருந்தது. டாக்டர் கொடுத்த மருந்துப் புட்டிகளைச் சுற்றிக் கட்டினேன், ஸ்டேஷனுக்குப் போனேன், ஜன்னல் வழியாக ஆரஞ்சுப் பழம் கொடுத்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்காளின் முகத்தைப் பார்க்க முடிந்தது; குரலைக் கேட்க முடியவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் டோ எய் என் அருகில் உட்கார்ந்து பர்மிய மொழியில் கேட்டார்:

"உங்க கோயில்ல எல்லாரும் உங்க அக்கா பேரைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாங்களாமே? டோ எய்னு ஒருத்திதான் சொல்லிக் கொடுத்தாள்னு என் பேரையும் சொன்னாங்களாமே? ரங்கூன்ல இருந்து இறங்கினதும் எங்கிட்டதான் ஓடி வந்து சொன்னா."

என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அக்காள் அந்த அம்மாளிடம் பொய் சொல்லியிருக்கிறார். அவர் வாழ்நாளில் சொன்ன பொய்கள் எனக்குத் தெரிந்து இரண்டுதான், இரண்டும் எனக்காக. நான் டோ எய்யைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஆகவே சபையாருக்கு இதை எழுத்தில் தெரிவிக்கிறேன். நீங்கள் நாலு பண்டிகைகளில் மெச்சி வாங்கிப்போன சட்னி எங்கள் அக்காள் இடித்தது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் டோ எய். எனக்கு அதில் பங்கில்லை.

நோயில் கடைசிவரை பக்கத்தில் இருந்த அத்தானுக்கும், ஜாடிகளையும் மருந்தையும் சலிக்காமல் சுமந்துவந்த ரயில் கார்டுக்கும், கொட்டும் மழையில் ரங்கூனிலிருந்து வந்து ஜெபம் செய்த ஐயருக்கும் உபதேசியாருக்கும், சவப்பெட்டி சுமந்த ரயில்வேத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காளுக்குக் கஞ்சி மட்டுமே இறங்கிய நாட்களில் அதை வடித்துக் கொடுத்து, தலைவாரிவிட்டவர் டோ எய். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இந்த மலரை அவரிடம் கொண்டுபோய்ப் பர்மிய மொழியில் வாசித்துச் சொல்லும்படி அத்தான் எனக்கு எழுதியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை புறப்படுகிறேன். நான் தலையசைத்த இடத்துக்கு வரும்போது என் குரல் என்னவாகும் என்று தெரியவில்லை. அந்த இடத்தையும் விடாமல் வாசிப்பேன்.