செல்லத்துரை அண்ணாச்சியின் சிஆர்பி ரிப்போர்ட்

செல்லத்துரை அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். நாற்பத்தாறு வயது.

தென்காசியில் எங்கள் லேபிலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்தவர். கீழப்பாவூர், சுந்தரபாண்டியபுரம் பக்கம் சுகர் பார்க்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

லேப் ஓனர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று போட்டிருக்கிறார். நல்லது. அந்த ஒருவருக்கு மட்டும் டீ குடிக்கத் தனி டம்ளர்... மனச்சிதைவு என்ன ஒட்டுவாரொட்டியா? நாள் முழுக்கக் கிருமி பார்க்கிற இடத்தில் இந்த லட்சணம்.

ஆமாம், அண்ணாச்சிக்கு ஸ்கிசோஃப்ரினியா. அவரே மறைத்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்.

"தம்பி, எனக்கு மண்டைக்குள்ள ஒருத்தன் பேசுவான். மாத்திரை போட்டா பேசாமக் கெடப்பான். நம்ம ஓனரு மாதிரி இல்ல, சொன்னாக் கேப்பான்."

அவருடைய அண்ணன் இதை நோய் என்றே ஒத்துக்கொண்டதில்லை. போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கண்ணுக்கு ஊரில் எல்லோரும் நடிக்கிறார்கள், தம்பி உட்பட.

ஒரு நாள் சும்மா அண்ணாச்சி ரத்தத்தை மெஷினில் போட்டேன். சிஆர்பி. உடம்பில் எங்காவது அழற்சியோ தொற்றோ இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற புரதம். ஆறுக்குள் இருக்க வேண்டும், அவருக்கு எட்டு.

மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாக இருப்பதாக ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள் என்று அளந்துவிட்டேன். படித்த திமிர்.

"ஏலே, அப்போ என் நோக்காடு ரத்தத்துலயே தெரியுதா? பிரிண்ட் எடுத்துக் குடு. நடிக்கேன் நடிக்கேன்னு எங்கண்ணன் சொல்லுதான்லா... அவன் மூஞ்சில ஒட்டுதேன்."

எடுத்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவில் வட்டம் வேறு. பக்கத்தில் என் கையெழுத்தில், "இந்த நோயில் இது கூடுதலாகத்தான் இருக்கும்."

அது நிறையப் பேரின் சராசரி. ஒரு தனி ஆளின் எட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சாதாரணச் சளிக்கே எட்டு வரும்... எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மனுஷன் அந்தப் பேப்பரை மடிக்காமல் கொண்டுபோனார்.

போன வாரம் நான் லீவு. அண்ணாச்சிக்கு வயிற்று வலி. லேபில் பார்த்ததில் சிஆர்பி நூற்று நாற்பத்தெட்டு. ரிப்போர்ட்டை அண்ணன் போனுக்கு அனுப்பிவிட்டு ஓனர் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். ஒரு போன் பேச விரல் வலித்திருக்கும்.

அண்ணன் அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன வழியில் ஒரு கிளினிக். அங்கிருந்த டாக்டர் மனச்சிதைவு மாத்திரைச் சீட்டைப் பார்த்தாராம், வயிற்றைத் தொடவில்லையாம். கேஸ் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார். எம்பிபிஎஸ்.

நேற்று முன்தினம் ஐசியூ வாசலில் அண்ணனைப் பார்த்தேன்.

"குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி மூணு நாளு அருவியில தலையக் குடுக்க வச்சோம் தம்பி. கிறுக்குக்கு அதான் மருந்துன்னு எல்லாரும் சொல்லுதாவ. நடுங்கிட்டுக் கெடந்தான். சூடு எறங்குதுன்னு நெனச்சோம்."

"வயிறு வலிக்குன்னு சொல்லலையா?"

"சொன்னான். வயித்துக்குள்ள யாரோ மிதிக்கான்னான். அவன் எப்பவும் யாரோ யாரோன்னுதான சொல்லுவான்."

"ரிப்போர்ட் வந்துச்சே. நூத்தி நாப்பத்தெட்டு."

"பாத்தேன். நோயின்னு நான் நம்புனதே அந்தப் பேப்பரப் பாத்துதான். இவனுவளுக்கு அது கூடத்தான் இருக்கும்னு நீங்கதான எழுதிக் குடுத்திய?"

என் மேல் கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். ஓனரையும் டாக்டரையும் திட்டுகிற வாய்தான் இது.

"பாவம், இனியாவது நிம்மதி" என்று கமென்ட் போட வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள். அவர் நிம்மதியாகத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். செத்தது குடல்வாலில்.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் போய், நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று அண்ணனிடம் சொல்ல வேண்டும். அடித்தால் அடிக்கட்டும்.

உங்களுக்கு நிஜமாகவே வலித்தது, அண்ணாச்சி.