மாடு கத்தக் காத்திருந்த வாரம்

எங்கள் அத்தைக்கு வெளிநாட்டில் ஏதோ ஃபிரிட்ஜ் கம்பெனியில் வேலை என்றுதான் எங்கள் ஊர் செல்லிப்பட்டில் பாதிப்பேர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என் அப்பாவுக்கும் பங்கு உண்டு. தரைக்கடியில் நீளமான சுரங்கம், அதில் கண்ணுக்குத் தெரியாத துகள்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கிறார்கள், அவற்றை வளைத்துத் திருப்பப் பெரிய காந்தங்கள் வேண்டும், அந்தக் காந்தங்கள் கடுங்குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும், அந்த ஆராய்ச்சியில் இருப்பவள் தன் தங்கை என்று அவர் டீக்கடையில் விளக்கி முடிக்கும்போது, கேட்டவர்களுக்குக் குளிர்ச்சி மட்டும்தான் மனதில் நிற்கும்.

அந்த வேலைக்கு அத்தை போவாளா மாட்டாளா என்பது எங்கள் வீட்டுப் பசுமாட்டின் கையில் இருந்த வாரம் ஒன்று உண்டு. எனக்கு அப்போது எட்டு வயது.

அத்தை வடக்கே ஒரு ஊரில் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தாள். அந்த வெளிநாட்டுக் கூடத்திலிருந்து அவளை வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. தாத்தாவோ விழுப்புரம் பக்கம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வரலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். தாத்தா பொல்லாதவர் அல்ல. கரும்பு விற்ற காசில் மகளை அத்தனை தூரம் படிக்கவைத்ததே அவர்தான். ஆனால் கடல் தாண்டுவது என்றதும் அவருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. இங்கேயே ஏதாவது காலேஜில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கண்ணெதிரில் இருக்கட்டும் என்றார். அப்படி என்னதான் அங்கே போய்ச் செய்யப்போகிறாள் என்று அப்பாவிடம் கேட்பார். அப்பா சுரங்கத்தில் ஆரம்பிப்பார். தாத்தா எழுந்து கழனிக்குப் போய்விடுவார்.

அத்தை அழவும் இல்லை, சாப்பாட்டைத் தள்ளவும் இல்லை. ஒருநாள் தாத்தா கை கழுவும் நேரம் பார்த்துச் சொன்னாள்.

"நான் செஞ்சத ஒரு தடவ உன் கண்ணால பாருப்பா. பாத்துட்டு வேணாம்னு சொல்லு, போவல."

தாத்தா ஒத்துக்கொண்டார். அவள் செய்தது என்பது பொத்தான் அளவில் ஒரு கறுப்பு வில்லை. ஏதேதோ பொடிகளை அரைத்துச் சேர்த்து, நாள்கணக்கில் உலையில் சுட்டு எடுத்தது. பஞ்சில் பொதிந்து டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். நன்றாகக் குளிரவைத்தால் அதற்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். அதன்மேல் ஒரு சின்னக் காந்தத்தை விட்டால், தொடாமல் அந்தரத்தில் நிற்குமாம். குளிர்தானே என்று நான் மீன்காரரின் பெட்டியிலிருந்து ஐஸ்கட்டி வாங்கிக்கொண்டு ஓடினேன். இந்த வில்லைக்கு ஐஸ்கட்டியெல்லாம் சித்திரை வெயில் மாதிரி என்று அத்தை சிரித்தாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. கையும் பாவாடையும் மீன் நாற்றம் வேறு.

அவளுக்கு வேண்டியது திரவ நைட்ரஜன். அது எங்கள் பக்கத்தில் ஒரே ஒருவரிடம்தான் உண்டு. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர், விந்துக் குச்சிகள் கெடாமலிருக்க அதை ஒரு கேனில் ஊற்றி பைக்கில் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் அவரைச் சும்மா கூப்பிட முடியாது. மாடு பருவத்துக்கு வந்து கத்தினால்தான் வருவார். கணக்குப்படி எங்கள் மாடு அந்த வாரம் கத்த வேண்டும். அதுவோ நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வீடே அதன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதனிடம் கெஞ்சினேன். அத்தை தினமும் பொழுது விடியக் கொட்டகையில் போய் நிற்பாள். திங்கள் போனது, செவ்வாய் போனது, புதனும் போனது. வியாழக்கிழமை விடியற்காலையில் மாடு கத்தியது. முதலில் கேட்டவர் தாத்தா. கேட்காததுபோல் இருந்திருக்கலாம். அவரேதான் ஊசிக்காரருக்குப் போன் போட்டார்.

காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி என்பது கணக்கு. சாயங்காலம் அவர் வந்தார். மாட்டின் வேலை முடிந்ததும் அத்தை பித்தளைச் சொம்போடு போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் கேனை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். குறைந்துபோனால் உள்ளே இருக்கும் குச்சியெல்லாம் வீணாகிவிடும், அப்புறம் யார் பதில் சொல்வது என்றார். அத்தை விடவில்லை. ஒரு மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்து, பனி படர்ந்த உயரத்தை அவரிடம் காட்டி, ஒரு சொம்பு எடுத்தாலும் குச்சிகள் முழுகித்தான் இருக்கும் என்று நிதானமாக விளக்கினாள். அவர் முடியாது என்றார். மறுபடியும் முதலிலிருந்து விளக்கினாள். பைக்கை எடுக்கப் போனவர் திரும்பி வந்து ஊற்றினார்.

மிக்ஸி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலைக் குடைந்து கிண்ணம் செய்து வைத்திருந்தாள். வில்லையை அதில் வைத்து ஊற்றினாள். புகை பொங்கி வாசலெல்லாம் பரவியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஊசிக்காரரும் போகாமல் நின்றுவிட்டார். தாத்தா குனிந்து பார்த்தார். கொதிப்பு அடங்கியதும் அத்தை இடுக்கியால் காந்தத்தை எடுத்து வில்லையின்மேல் விட்டாள்.

அது பொத்தென்று விழுந்து வில்லையோடு கிடந்தது.

எடுத்து மறுபடியும் விட்டாள். மறுபடியும் கிடந்தது. பிள்ளைகளில் ஒருவன் சிரித்தான், அவன் தலையில் நான் ஒன்று வைத்தேன். அத்தை வில்லையை வெளியே எடுத்துக் குளிர் தணியவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அதன் ஓரத்துச் சொரசொரப்பில் குங்குமம் ஒட்டியிருந்தது.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். வடக்கிலிருந்து பஞ்சில் பொதிந்து பத்திரமாகக் கொண்டுவந்த கறுங்கல்லைக் காசியிலிருந்து வந்தது என்று நினைத்துவிட்டாளாம். நாத்தனார் சாமிக் கல்லைத் துணிமணியோடு வைத்திருக்கிறாளே என்று மனம் பொறுக்காமல், தினமும் காலையில் அவள் கொட்டகைக்குப் போன பிறகு டப்பாவிலிருந்து எடுத்து, தண்ணீர் அபிஷேகம் செய்து, குங்குமம் வைத்துக் கும்பிட்டு, துடைத்து மறுபடி பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறாள். இந்தக் கல்யாணம் நல்லபடியாகக் கூடிவர வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாளாம். சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தண்ணி ஆவாது அண்ணி இதுக்கு. நான்தான் சொல்லி வெச்சிருக்கணும்" என்று அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாத்தா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"இது கெட்டுப்போச்சுப்பா. வேற செய்யணும்."

"அதுவும் இதுமாரி ஆயிட்டா இன்னா பண்ணுவ?"

"அதுக்கு அடுத்தது செய்வேன். அங்க முக்காவாசி இப்டிதாம்பா, வராது. எதுனால வரலன்னு பாத்துட்டு மறுபடியும் அரைப்பேன்."

குரலில் கெஞ்சலே இல்லை. அண்ணி கெடுத்துவிட்டாள், இல்லாவிட்டால் மிதந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மீதி நைட்ரஜன் வீணாகிறதே என்று கிண்ணத்தை எடுத்துப்போய், வில்லையை மறுபடி அதில் போட்டு ஏதோ பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தாத்தா நின்றதையே மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். தாத்தா அவள் குனிந்திருந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

விளக்கு வைத்த பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, விழுப்புரத்துக்காரர்களை வரவேண்டாமென்று சொல்லச் சொன்னார், அவள் போகட்டும் என்றார். இப்போது யோசித்தால், காந்தம் மிதந்திருந்தால் அதை மதகடிப்பட்டுச் சந்தையில் காட்டும் வித்தைகளோடு சேர்த்து ஒதுக்கியிருப்பார் என்றே தோன்றுகிறது.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே எட்டும்? பந்தயம் நடந்தது, அத்தை தோற்றுவிட்டாள், தோற்றதற்குத் தண்டனையாக அவளை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். சனிக்கிழமை மதகடிப்பட்டில் பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். தண்டனையிலும் சிரிக்கிறாளே! பஸ் கிளம்புகிற நேரம் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து அழுதேன்.

"அத்த பாவம் தாத்தா. போவாதன்னு சொல்லு தாத்தா. நீ சொன்னா இருந்துடும்."

தாத்தா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு விவரம் தெரிந்து அவர் என்னைத் தூக்கியதே கிடையாது. பஸ்ஸைப் பார்க்காமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "சொல்லக் கூடாதும்மா" என்றார். என்ன கல்நெஞ்சம் இந்தத் தாத்தாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.