வளைந்த மீன்குஞ்சுகள்

வங்காளிகள் நிறைந்த எங்கள் பவானிபூர்க் கட்டடத்தில் மீன் வாசனை இல்லாத ஒரே சமையலறை எங்களுடையதுதான். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அந்தச் சமையலறைச் சன்னலில் நான் மீன்முட்டை பொரிக்க வைத்தேன். பள்ளிக் கண்காட்சிக்காக. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த, நான் தீதி என்று கூப்பிடும் மேல்மாடி அக்கா, கசகசாவைவிடச் சற்றே பெரிய முட்டைகள் கொஞ்சம் கொடுத்து, இரண்டு குடுவைகளில் வெவ்வேறு தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னாள்.

ஒன்றில் ஒரு நாள் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர். மற்றதற்கு எங்கள் வீட்டில் வேலை செய்த மாசி, தன் குடிசை வாசலில் ஓடும் கால்வாயிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். வங்காளத்தில் மாசி என்றால் சித்தி. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அந்தக் கால்வாயில்தான். அப்பா வேலை பார்த்த சாயத் தொழிற்சாலையின் கழிவும் அதில்தான் விழுந்தது. அந்தத் தண்ணீரைச் சோதித்து, கெடுதல் இல்லை என்று கையெழுத்துப் போடுவது அப்பாவின் உத்தியோகம்.

மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது முட்டைக்குள் புள்ளியாக இதயம் துடித்தது. மாசியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான்காம் நாள் குழாய்த் தண்ணீரில் குஞ்சுகள் ஊசிபோல் நேராகக் கிடந்தன. தொட்டால் விலகி ஓடின. கால்வாய்த் தண்ணீரில் பாதி முட்டைகள் வெளுத்துப் போயிருந்தன. பொரிந்தவற்றின் முதுகு கொக்கியாக வளைந்திருந்தது, நெஞ்சு வீங்கியிருந்தது. நீந்த முயன்று, இருந்த இடத்திலேயே சுற்றின.

அப்பா ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"இது எங்க எடுத்த தண்ணி?"

"மாசி வீட்டுக் கால்வாய்ப்பா."

மாசியும் எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பழகிய தமிழில், "ஏன் தாதா, எல்லாம் கூனிப் போச்சு?" என்று கேட்டாள். அப்பாவை அவள் அண்ணன் முறை வைத்துத் தாதா என்றுதான் கூப்பிடுவாள்.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றை. "குளிரு. ராத்திரி சன்னல் திறந்திருந்துச்சுல்ல, அதான்" என்றார்.

சன்னலைத் திறந்து வைத்தவள் நான். அழுதுவிட்டேன். பக்கத்திலேயே இருந்த மற்ற குடுவைக்குக் குளிரவில்லையா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா கால்வாய்த் தண்ணீரைக் குஞ்சுகளோடு கழிப்பறையில் கொட்டினார். நோட்டில் 'குளிரால் இறந்தன' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

அன்று மாலை, மாசி தினமும் எங்கள் குழாயிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும் என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. "வயித்துப் பிள்ளைக்காரி ரெண்டு கேனைத் தூக்கிட்டு எப்படிங்க போவா?" என்று கேட்டாள். அதன்பின் அப்பாவே கேன்களைச் சுமந்துபோய் மாசியை ஆட்டோ ஏற்றிவிட்டார். ஆபீசர் வேலைக்காரிக்குத் தண்ணீர் சுமக்கிறார் என்று கட்டடமே வியந்தது. தொழிற்சாலையில் வழக்கம்போல் கையெழுத்தும் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மாசி பல நாள் வரவில்லை. வந்தபோது வயிறு இல்லை. கையிலும் குழந்தை இல்லை. பிறக்கும்போதே மூச்சு இல்லையாம். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட அப்பாவாலும்.

கூடத்தில் அப்பா காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மாசிக்காக அவர் வருந்துகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்க ரொம்ப நல்லவர்ப்பா" என்றேன். என் கைகளை விலக்கி, "அப்படிச் சொல்லாதம்மா" என்றார்.

புகழ்ந்தால் அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் இரண்டு முறை சொன்னேன்.