வீட்டுக்கு வழி கேட்ட குரல்

ஞாபகசக்தி மாத்திரை விளம்பரம் என் போனில் வர ஆரம்பித்தது ஒரு சீசன் சமயத்தில். குன்னூர் கடைவீதியில் டீத்தூள், வர்க்கி பிஸ்கட், யூகலிப்டஸ் தைலம் விற்கும் கடையில் நான் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் டீத்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்து, அதையே போனில் தேடி, "ஆன்லைன்ல இதவிடக் கம்மியா இருக்கே" என்று என்னிடமே நீட்டுவார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் எதை வாங்கினாலும் போனில் விலை பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. குக்கர் பார்த்திருக்கிறேன், ஸ்வெட்டர் பார்த்திருக்கிறேன். மறதிக்கு மருந்து மட்டும் நான் தேடியதே இல்லை.

முதலில் ஒரு பச்சை டப்பா வந்தது. பெரிய விலையை அடித்துவிட்டு, அதன் கீழே சின்ன விலை போட்டிருந்தது. அடுத்து, ஒருவர் கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற வீடியோ. பிறகு ஒரு பெண் நேராக என்னைப் பார்த்து, "உங்கள் வீட்டில் யாராவது பெயர்களை மறக்கிறார்களா?" என்று கேட்டாள். கொள்ளு ரசம் வைப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் நடுவில் வந்து கேட்டாள்.

கடைக்கு ஆன்லைனில் வரும் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் காட்டினேன்.

"நாம பேசறதப் போனு ஒட்டுக் கேக்குதுங்க்கா. மறதி மறதின்னு யார்கிட்டயாச்சும் பேசியிருப்பீங்க."

பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. என் பெரியம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே "நீ யாரு கண்ணு?" என்று கேட்டவர். எனக்கும் அது வந்துகொண்டிருக்கிறதோ, எனக்குத் தெரிவதற்கு முன்னால் போனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். பால் ஒருநாள் பொங்கி வழிந்தது. வேறு நாளாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பேன். அன்று அடுப்பு முன்னால் நின்று, எங்கள் தெருவில் இருப்பவர்களின் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. இருந்தும் பயம் போகவில்லை.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் என்றால் என் வீட்டுக்காரர். சொந்த ஜீப் வைத்து டூரிஸ்ட் சவாரி ஓட்டினார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த மலையில் ஓட்டியவர். முன்னால் போகிற வண்டி தெரியாத மூடுபனியிலும், எந்த வளைவில் இருக்கிறோம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

மழை தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம் எங்கள் ஊர் பஸ் வரவில்லை. அவருக்குப் போன் போட்டேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முன் சீட்டில் ஏறினேன். குன்னூரைத் தாண்டியதும் அவர் தொடைக்கு அடியிலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏனுங்க, ஊட்டுக்குத்தான போறோம்? எதுக்கு மேப்பு?"

"காலைல லவ்டேல் சவாரிக்குப் போட்டது. அணைக்க மறந்துட்டேன்."

லவ்டேலுக்குப் போட்ட மேப் எங்கள் ஊருக்கு எதற்கு வழி சொல்ல வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குரல் இன்னும் இரண்டு மூன்று வளைவுகளுக்குச் சொன்னது. பிறகு ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் ஜீப் வேகம் குறைந்து, ரோடு இரண்டாகப் பிரியும் முக்கில் நின்றது. அந்த இடத்தில் காட்டுமாடு இறங்குவது வழக்கம். ஒன்று நின்றால் போதும், அது நகரும் வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். நானும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் மாடும் இல்லை, வண்டியும் இல்லை.

"என்னங்க, மாடா?"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து அமுக்கினார். சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. மறுபடி மறுபடி அமுக்கினார். கடைசியில், பின் சீட்டில் யாரோ இருந்து கேட்டுவிடுவார்கள் என்பதுபோல அவ்வளவு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எந்தப் பக்கம் புள்ள?"

மேலே போகிற ரோடு டீ ஃபேக்டரியைத் தாண்டியதும் குறுகிவிடும். அதில் போன மழைக்கு இடிந்த தடுப்புச் சுவரை இன்னும் கட்டவில்லை. கீழே போகிற ரோடு எங்கள் ஊருக்கு.

"வலது. கீழ எறங்கற ரோடு" என்றேன்.

திருப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் நான்தான் சொன்னேன். இங்க இடது, மெதுவா, பாலம் வருது. அவரும் சொன்னபடியே ஓட்டினார். மற்றவர்கள் வண்டியில் மலை இறங்கும்போது எனக்கு எப்போதும் பயம். அவர் வண்டியில் அந்தப் பயம் இருந்ததில்லை. அன்று கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "டீ வெய்யி" என்றார், எப்போதும்போல. கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை அவர் சவாரிக்குக் கிளம்பினார். சளி பிடித்திருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஊட்டிக்கு ஒரு குடும்பம், முன்பணம் வாங்கியாகிவிட்டது என்றார். நான் கடைக்கு வந்து, ஆர்டர் பார்க்கும் பெண்ணிடம் என் போனைக் கொடுத்தேன்.

"இந்த வெளம்பரமெல்லாம் எங்கிருந்து வருதுன்னு பாத்துச் சொல்லு சாமி."

அவள் செட்டிங்ஸுக்குள் போய் எதை எதையோ திறந்தாள். "உங்க ஐடியில ரெண்டு போன் இருக்குதுங்க்கா. இன்னொண்ணு யாரோடது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்குப் புதுப் போன் வாங்கியபோது கடைக்காரர் மெயில் ஐடி கேட்டார். இவருக்கு அப்படி ஒன்று இல்லை. "உன்னோடதையே குடு புள்ள" என்றார், கொடுத்தேன். அவர் போனில் தேடுவதெல்லாம் என் போனையும் வந்து சேரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவள் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். போனை என் கையில் வைத்து, "அண்ணன் பேசுனதெல்லாம் இதுல இருக்குதுங்க்கா, நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டுக் கடையின் முன்பக்கம் போய்விட்டாள்.

டைப் அடிக்க அவருக்கு வராது. மைக்கை அமுக்கிப் பேசித்தான் தேடுவார். அவர் பேசியதை அது அப்படியே பிடித்து வைத்திருந்தது. டீத்தூள் மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஒன்றை அமுக்கினேன். ஜீப் இன்ஜின் சத்தம், அதற்கு மேல் அவர் குரல்.

"குன்னூர் மார்க்கெட்ல இருந்து எங்க ஊருக்கு எப்படிப் போகோணுங்க?"

யாரோ பெரிய மனிதரிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டிருந்தார். அடுத்தது: "ஞாபக மறதிக்கு மருந்துங்க. வெல கம்மியா." அதற்கு அடுத்தது: "டிரைவருக்கு மறதி வந்தா லைசன்ஸ புடுங்கிருவாங்களா?" இன்னொன்றில் வெகுநேரம் இன்ஜின் சத்தம் மட்டும்தான் இருந்தது. கடைசியில், "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை.

அழுகை வரவில்லை. அந்த நேரத்தில் அவர் ஊட்டிப் பக்கம் எங்கேயோ யாருடைய குழந்தைகளையோ ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அந்தப் பெண் வந்து, ஒரே ஐடி என்பதால் அவர் போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம் என்று மேப்பைத் திறந்து காட்டினாள். லவ்டேல் போகும் ரோட்டில் ஒரு புள்ளி. நகரவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து விலை கேட்டார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரியாது. புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ரோடு எப்படி இருக்கும், பள்ளம் எந்தப் பக்கம் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு வழியாக எடுத்தார்.

"பார்ட்டி போட்டோ எடுக்கறாங்க. ஓரமா நிறுத்திட்டு ஒக்காந்திருக்கேன்."

உண்மையா, வழி தெரியாமல் நின்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அவங்கள எறக்கி உட்டுட்டு குன்னூர் ஜீப் ஸ்டாண்டுலயே நில்லுங்க. நான் வர்றேன். அங்கிருந்து நகராதீங்க" என்றேன்.

ஸ்டாண்டில் ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்து அவர் குரலை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வெளியே பார்த்தார்.

"இதெல்லாம் எடுத்து வெச்சிருக்குதா?"

"ஆமாங்க."

"வேற யாரு கேட்டிருப்பாங்க? மத்த டிரைவருங்களுக்குத் தெரியுமா?"

அதுதான் அவர் முதலில் கேட்டது. பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு பச்சை டப்பாக்களை எடுத்து மடியில் வைத்தார். ஒன்று காலி.

"மொத டப்பா ஒரு வெலைக்குக் குடுத்தான். ரெண்டாவது வாங்கறப்ப ஏத்திட்டான். இன்னிக்குப் பாத்தா இன்னும் ஏறிக் கெடக்குது. நாம பயந்துட்டோம்னு போனுக்குத் தெரிஞ்சு போச்சு புள்ள."

என் போனில் அதே டப்பாவைப் பார்த்தேன். வேறொரு விலை இருந்தது. ஆஃபர் முடிந்திருக்கும், விற்கிற ஆள் வேறாக இருக்கும் என்று அந்தப் பெண் பிற்பாடு விளக்கினாள். இருக்கலாம். அன்றைக்கு அந்த ஜீப்புக்குள் எங்கள் இருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"டாக்டர்கிட்டப் போலாமுங்க."

"போனா வண்டிய நிறுத்தச் சொல்லிருவாங்க."

"சொல்லட்டும்."

"அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

சாவிக்குக் கையை நீட்டினேன். என் கையையே பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து அதில் வைத்தார். ஜீப்பை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்.

அந்த வாரமே கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவரிடம் ஒரு காகிதம் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாகப் போட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, மறு பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஏதோ தப்பு என்று அவருக்கும் தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. நான் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் விருப்பமில்லை. தைராய்டு மிகவும் குறைந்திருக்கிறது, பி12 சத்தும் குறைவு என்றார் டாக்டரம்மா.

"இது ரெண்டுமே மறதியக் கொண்டுவரும். மருந்து ஆரம்பிச்சா நெறையப் பேருக்குத் தெளியும். இவருக்கு எவ்வளவு தெளியும், உள்ள வேற ஏதாவது இருக்கான்னு சில மாசம் போனாத்தான் சொல்ல முடியும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது."

கீழே மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரை அந்தப் பச்சை டப்பாவின் விலையில் கால்வாசிகூட இல்லை.

தெளிந்தது. முழுசாக என்று சொல்ல மாட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் பெயர்கள் திரும்பின. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வளைவுகளை எனக்கு முன்கூட்டியே சொன்னார். ஜீப்பை இன்னொரு டிரைவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா வரச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கடிகாரம் வரையச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இரண்டு போனையும் தனித்தனி ஐடிக்கு மாற்றித் தருகிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள். அவரிடம் கேட்டேன். "இருக்கட்டும் உடு" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. இப்போது என் போனில் என்ன விளம்பரம் வருகிறது என்று தினமும் பயந்து பயந்து பார்க்கிறேன். செருப்பு, தோசைக்கல் என்று வந்தால் நிம்மதி.

போன வாரம் நான் கடையில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். தனியாக மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

"புள்ள..." என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

தராசில் கொட்டிக்கொண்டிருந்த டீத்தூளை நிறுத்தினேன். "சொல்லுங்க. எங்க நிக்கறீங்க?"

"பீன்ஸு கிலோ நூத்தி இருவதுங்கறான். வாங்கட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாமுங்க. கோஸ் வாங்கிக்குங்க."

"செரி."

போனை வைக்க மறந்து பையில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. கோஸ் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று கடைக்காரரிடம் அவர் சண்டை பிடிப்பது கேட்டது. அப்படியே காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றதும் கடைக்கு வெளியே வந்து மார்க்கெட் பக்கம் பார்த்தபடி நின்றேன். கூட்டம் அதிகம். கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் போகட்டும் என்று அவர் காத்திருப்பது தெரிந்தது.