வேறு இடத்திலிருந்து ஓட்டிக் காட்டுங்கள்

அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் மரியாதை கூடும். ஆனால் அது பொய்.

சென்னையில் ஒரு பொருளாதார ஆய்வு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் சேர்ந்த புதிதில் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"செஞ்சியா? கோட்டை பாத்திருக்கேன். செஞ்சியில எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"ஓ, காலனியா" என்றவர் காபியைக் குடித்து முடித்து எழுந்து போனார். அதற்குப் பிறகு என் ஊரைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

எங்கள் வேலை இதுதான். நாட்டின் பொருளாதாரம் எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அமைதியான காலத்தில் அதற்கு ஒரு குணம், நெருக்கடியில் வேறொரு குணம். எப்போது மாறியது என்று யாரும் அறிவிப்பதில்லை. விலைவாசி, வட்டி, உற்பத்தி இவற்றை வைத்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கணித மாதிரியைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஒருநாள் முழுக்க ஓடும். பாதி சமயம் நடுவழியில் உளறிவிட்டு நின்றுவிடும். அதை வேகமாக, தடுமாறாமல் ஓட வைப்பது என் பொறுப்பு.

சில மாதங்கள் ஆகியும் எனக்கு வழி பிடிபடவில்லை. ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் சொன்னார்: "உனக்கு டேட்டா சேகரிக்கிற வேலை நல்லா வரும்மா. கணக்கு எல்லாருக்கும் வந்துடாது. அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்."

பக்கத்திலிருந்த தோழி மேஜைக்கடியில் என் கையைப் பிடித்தாள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் நைனா, என் அப்பா, விழுந்தார். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் இடையே மினி பஸ் ஓட்டுகிறவர். மழையில் படி வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அப்போது அடிக்கடி கரண்ட் போகும். கரண்ட் போனால் நெட் போகும். சென்னையிலுள்ள கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருப்பது அறுந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. இங்கே நாள் முழுக்க ஓடுகிற எதையும் ஓட்டவே முடியாது என்று ஆனபிறகுதான் நான் அந்தப் புரோகிராமை ஒழுங்காகப் படித்தேன்.

மாதிரி ஒவ்வொரு முறையும் எண்களைக் கொஞ்சம்தான் நகர்த்தியது. ஆனால் ஒவ்வொரு முறையும் மொத்தச் சமன்பாட்டையும் ஒன்றுமே தெரியாததுபோல ஆரம்பத்திலிருந்து தீர்த்தது. முந்தைய விடையையே அடுத்ததற்குத் தொடக்கமாகக் கொடுத்தேன். ஓட்டம் பறந்தது. நடுவில் உளறியதற்குக் காரணம், மிகச் சிறிய எண்கள் கம்ப்யூட்டரில் தோராயமாக்கப்பட்டுச் சறுக்கி, சுழியத்துக்குக் கீழே போகக் கூடாதவை கீழே போனது. அவற்றின் வர்க்கமூலத்தை வைத்துக் கணக்கை நடத்தினேன். சறுக்கல் நின்றது. கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: இரண்டு காலங்களில் ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பதே எப்போதும் முதலாவது, அதுதான் அமைதிக் காலம். இப்படிக் கட்டிப்போடாவிட்டால் எது ஒன்று, எது இரண்டு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓட்டத்துக்கு ஓட்டம் பெயரை மாற்றி வைத்துவிடும்.

ஒருநாள் பிடித்த வேலை சோறு வடிக்கிற நேரத்தில் முடிந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்து திரையைப் பார்த்துச் சிரித்தேன்.

"இன்னாமா?" என்றார் நைனா.

"வந்துடுச்சி நைனா."

"கரண்டா?"

"கணக்கு."

எல்லாவற்றையும் தலைவருக்கு அனுப்பினேன். 'பார்த்தேன். இன்னும் நிறைய வேலை இருக்கிறது' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

நைனா கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தபோது தோழி ஒரு கட்டுரையைப் படம் பிடித்து அனுப்பினாள். என் முறை, அவர் பெயர். வேறு பெயரே இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் நான் இருந்தேன், தரவு சேகரிப்பில் உதவியவளாக.

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, கட்டுரையோடு அவர் வெளியிட்டிருந்த புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். என்னுடையதேதான். ஒரே ஒரு வித்தியாசம், நான் கட்டிப்போட்ட அந்தக் கடைசி வரியை எடுத்திருந்தார். அது இல்லாமல் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியது. தன்னுடையது புதிது என்று சொல்ல அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் பல இடங்களிலிருந்து, அதாவது வேறு வேறு தொடக்க எண்களிலிருந்து, ஓட்டி, வந்த விடைகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்திருந்தார். சில ஓட்டங்களில் முதலாவது அமைதி, சிலவற்றில் முதலாவது நெருக்கடி. காய்ச்சல்காரர்களையும் நன்றாக இருப்பவர்களையும் கலந்து சராசரி பார்த்தால் எல்லாருக்கும் லேசாக உடம்பு சுடுவதாகத்தான் வரும். இரண்டு காலங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அவருக்கு வந்திருந்தன. அதையே பெரிய கண்டுபிடிப்பாக எழுதியிருந்தார்: நம் நாட்டில் நெருக்கடிக்கும் அமைதிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஒரு ஈமெயில் போட்டிருந்தால் திருத்தியிருப்பார். போடவில்லை. அந்தக் கட்டுரையை அவர் வெளியாட்கள் முன்னால் பேசும் நாளுக்காகக் காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனேன். அரங்கம் நிறைந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு மூத்த பேராசிரியை முன்வரிசையில் இருந்தார். தலைவர் நன்றாகப் பேசினார், எப்போதும் நன்றாகப் பேசுவார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன்.

"சார், சராசரி எடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டமும் எப்படி இருந்ததுன்னு காட்ட முடியுமா? வேற வேற இடத்துலருந்து தொடங்கி?"

"அது இப்ப முடியாதும்மா. அப்புறம் அனுப்புறேன்."

"உங்க முறையில சீக்கிரம் முடிஞ்சிடுமே சார். நீங்களே இப்பதான் சொன்னீங்க."

பேராசிரியை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "ஓட்டிக் காட்டுங்களேன்" என்றார்.

பழைய முறையாக இருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஒருநாள் யார் காத்திருப்பார்கள்? நான் கொடுத்த வேகம்தான் அவரைப் பிடித்துக் கொடுத்தது. முதல் ஓட்டத்தில் ஊரடங்கு மாதங்கள் நெருக்கடி என்று வந்தன. இரண்டாவதில் அதே மாதங்கள் அமைதிக் காலம் என்று திரையில் நின்றன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இதுல அமைதி எது?" என்று கேட்டார் பேராசிரியை.

தலைவர் திரையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அது ஏன் மாறுகிறது என்றே தெரியவில்லை. அந்த முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன்.

பேராசிரியை என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். அந்த வரி என்ன, அதை முதலில் யார் எழுதியது, எந்த ஊரில் உட்கார்ந்து எழுதியது என்று சொன்னேன்.

வராந்தாவில் தலைவர் என்னை நிறுத்தினார். "தெரிஞ்சிருந்தா முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நான் டேட்டா சேகரிக்கிறவதானே சார். கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். முறை என் பெயரில் தனியாக வெளிவந்தது. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. அவர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் எங்கே பேசப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, வேறு இடத்திலிருந்து ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கிறார்களாம். தோழி போனில் சொல்வாள். நான் இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

அரங்கில் கேள்வி கேட்ட அன்று சாயங்காலம் ஊர் திரும்பி நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆளு மொகம் எப்படி இருந்துச்சி?" என்று கேட்டார் கடைசியில்.

சொன்னேன்.

"ம்" என்றார். "தட்டு எடுத்து வைம்மா, சாப்பிடலாம். எனக்கும் பசிக்குது."